மருதையன் அடைத்த குழாய்

07.06.1994 – இரண்டு மா நிலம் – ரூ. 21,500
16.05.2003 – இரண்டு மா நிலம் – ரூ. 47,000
02.09.2011 – இரண்டு மா நிலம் – ரூ. 1,65,000
09.10.2023 – கையொப்பம் ஒன்று – செலவில்லை
11.01.2024 – முதல் மனு, பதிவுத் தபால் – ரூ. 39
26.11.2024 முதல் 04.12.2024 வரை – ஆறு மா சம்பா – ரூ. 52,300
21.08.2025 – லட்டு, ஒரு கிலோ – ரூ. 280
30.11.2025 – ஆறு மா சம்பா, மறுபடியும் – ரூ. 54,900

முதல் மூன்று வரிகளும் வடகட்டளை மருதையன் நிலம் வாங்கிய நாட்கள். மற்றவை அந்த நிலத்துக்கு நேர்ந்தவை. நான் பொதுப்பணித் துறையின் பாசனப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பதிவெழுத்தராக இருந்தவன். அவர் வீட்டிலிருந்து நான்காவது வீடு என்னுடையது. அவருடைய மனுக்கள் அத்தனையையும் எழுதியது நான்தான் என்பதால் தேதிகளிலும் தொகைகளிலும் பிழை இல்லை. பிழை வேறோர் இடத்தில் இருக்கிறது. அதையும் சொல்கிறேன்.

வடகட்டளை, பூவத்துக்குத் தென்மேற்கே ஒன்றரைக் கிலோமீட்டர். எழுபத்திரண்டு வீடுகள். ஊருக்குக் கிழக்கே நெடுஞ்சாலை வடக்கு தெற்காகப் போகிறது. காரைக்கால் நகரத்துக்குள் போகும் பழைய சாலை அதிலிருந்து பிரியும் இடத்தில் ஒரு ரவுண்டானா. மருதையனின் வயல் ரவுண்டானாவை ஒட்டி, சாலைக்கு மேற்கே இருக்கிறது. பத்திரங்களைக் கூட்டினால் 80 ஆர் 94 சென்டியார் வரும். பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன அளவு பத்திரத்தோடு சரி. வாயில் எல்லோருக்கும் அது ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர்.

மருதையன் பிறந்தது 1964, ஆவணி மாதம். நாள் அவருடைய அம்மாவுக்கு நினைவில்லை. பள்ளிச் சான்றிதழில் வாத்தியார் போட்டுக்கொண்ட தேதி ஜூன் ஒன்று. அவருடைய அப்பா இதே வயலில் பண்ணையாளாக இருந்தவர். சொந்தக்காரர் நகரத்தில் இருந்தார், அறுவடைக்கு மட்டும் வருவார். மருதையன் ஐந்தாம் வகுப்போடு நின்று, அப்பாவோடு சேற்றில் இறங்கினார். பிறகு அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார், சித்தாள் வேலைக்குப் போனார். 1987-இல் சாலையை உயர்த்தியபோது அதன் குறுக்கே மூன்றடி விட்டமுள்ள சிமென்ட் குழாய்களை உருட்டி இறக்கிய ஆறு கூலியாட்களில் அவரும் ஒருவர். நாள் கூலி பதினான்கு ரூபாய். அவர் மனைவி அமுதம் இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றினார். பழைய சொந்தக்காரரின் பிள்ளைகள் நிலத்தைத் துண்டு துண்டாக விற்க ஆரம்பித்தபோது, பதினேழு ஆண்டுகளில் மூன்று தடவையாக அப்பா வேலை செய்த வயல் முழுவதையும் இவர்கள் வாங்கினார்கள்.

முதல் பத்திரம் பதிந்த அன்று மாலை என்னிடம் வந்தார்.

"எங்கப்பா இந்த வரப்புல ஒருநாளும் உக்காந்ததில்லை ஐயா. நின்னுக்கிட்டேதான் கஞ்சி குடிப்பாரு. நான் இன்னிக்கு அரை மணி நேரம் உக்காந்துட்டு வந்தேன்."

"உட்கார்ந்து என்ன செஞ்சே?"

"ஒண்ணுமில்லைங்க. சும்மா உக்காந்திருந்தேன்."

எங்கள் பக்கம் கடைமடை. ஆற்றுத் தண்ணீர் எங்களுக்குக் கடைசியாக வரும், மழைத் தண்ணீர் எங்களிடம்தான் முதலில் நிற்கும். மேற்கே உள்ள நிலங்களின் தண்ணீர் எல்லாம் மருதையனின் வயலுக்கு வந்து, சாலைக்கு அடியில் அந்த மூன்றடிக் குழாய் வழியாகக் கிழக்கே வடிகாலுக்குப் போய், அங்கிருந்து கடலுக்குப் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழாய் ஓடினால் இரண்டு நாளில் பயிர் தலை தூக்கும். ஓடாவிட்டால் ஒரு வாரத்தில் அழுகிவிடும். அந்த ஆறு மா வயலாக இருப்பதும் குளமாகப் போவதும் ஒரு குழாயின் பாடு.

ஆனால் வருஷம் முழுவதும் அந்தக் குழாய் திறந்திருக்காது. சம்பா விதைத்து, இளம்பயிருக்குத் தண்ணீர் தேவைப்படும் புரட்டாசியில், முறைத் தண்ணீர் வாய்க்காலில் வருவதே மூன்று நாள். வந்த தண்ணீர் குழாய் வழியே ஓடிவிட்டால் அடுத்த முறை வரைக்கும் மண் வெடித்துவிடும். அதனால் கடைமடையில் எல்லோரும் குழாயின் வாயை அடைப்பார்கள். வைக்கோலைப் புரியாகத் திரித்துப் பந்தாக உருட்டி, சாக்கில் திணித்து, வாயில் செருகி, மேலே களிமண்ணை அப்பிக் காலால் மிதிப்பது. பெருமழை பிடித்த அன்றைக்குக் கொக்கிக் கம்பியோடு போய் அதைப் பிடுங்கிவிடுவது. மருதையன் அடைத்தால் கசியாது. பிடுங்குவதிலும் அவர் ஒருநாள் தவறியதில்லை. மகளின் கல்யாணத்தன்று மழை பிடித்துக்கொண்டது. மண்டபத்திலிருந்து பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்ப் பிடுங்கிவிட்டு, சேற்றுக் காலோடு வந்து சம்பந்தியைப் பந்திக்கு அழைத்தார்.

2023 ஜூன் மாதம், மாவட்டத்தில் மூன்று சாலைச் சந்திப்புகளை இடித்து மாற்றிக் கட்டப்போவதாக அறிவிப்பு வந்தது. ஒன்று திருமலைராயன்பட்டினம் பக்கம், ஒன்று நகரத்தின் விளிம்பில், மூன்றாவது எங்களுடையது. ரவுண்டானா போய், மேம்பாலமும் நான்கு பக்கமும் வளைந்து இறங்கும் சாலைகளும் வரும் என்று கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் வரைபடம் ஒட்டினார்கள். எங்கள் ஊரார் அதைப் பேசித் தீர்த்தது ரவுண்டானாவில் இருந்த ஜவஹர் அலியின் டீக்கடையில்.

"படத்தைப் பாத்தியா மருதையண்ணே? ஜிலேபி சுத்துன மாதிரி சுத்திப்புட்டான். ஒரு தடவை தப்பா ஏறிட்டா நேரா நாகூர்தான். திரும்ப எடமே இல்லை" என்றார் ஜவஹர் அலி.

"உங்க கடை எங்க பாய் வருது?"

"என் கடையா? கடைக்கு மேல நாப்பதடி ஒசரத்துல காரு போவுது. டீ வேணும்னா ராட்டினத்துல வச்சுத்தான் மேல அனுப்பணும்."

"என் வயலைத் தொடலை. பாத்துட்டேன்" என்றார் மருதையன். "கோடு வரப்போட நின்னுடுச்சு."

"அப்ப நீ ராசா. நாங்கள்லாம் ரோட்டுல. ஒரு டீ வாங்கிக் குடுத்துட்டுப் போ."

அன்றைக்கு அவர் நான்கு பேருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

கோடு வரப்போடு நின்றது உண்மை. நிலம் எடுக்கப்படவில்லை. ஆகையால் இழப்பீடும் இல்லை, நோட்டீசும் இல்லை. சாலைக்கு அடியில் உள்ள குழாய்களையும் சிறுபாலங்களையும் பார்த்து, எவை வேண்டும், எவை வேண்டாம் என்று எழுதிப்போக மட்டும் ஆட்கள் வந்தார்கள். 09.10.2023, திங்கட்கிழமை.

அந்த ஆண்டு ஆற்றில் தண்ணீர் மிகவும் குறைவு. நான்கு நாள் முன்புதான் முறைத் தண்ணீர் வந்து போயிருந்தது. மருதையனின் வயலில் இருபத்தாறு நாள் பயிர், கணுக்காலுக்குத் தண்ணீரோடு நின்றது. ஊரிலேயே அப்படி நின்ற வயல் அது ஒன்றுதான். திட்ட அலுவலகத்திலிருந்து வந்தவர் கீர்த்திகா என்ற உதவிப் பொறியாளர். முப்பது வயது இருக்காது. பேச்சில் சேலத்துச் சாயல். கூட, அளவுக்கோல் பிடிக்க ஒருவர். மருதையன் என்னையும் அழைத்துக்கொண்டு போயிருந்தார்.

"இதுதான் குழாயா பெரியவரே?"

"இதாங்க மேடம். மூணடி. நானே உருட்டி எறக்குனதுங்க."

"தண்ணி போகவே இல்லையே."

"எப்படிங்க போவும்?" மருதையனின் முகம் மலர்ந்துவிட்டது. "நான் அடைச்சேன்னா ஒரு சொட்டு தாண்டாதுங்க. கையை வச்சுப் பாருங்க. அந்தப் பக்கம் போய்ப் பாருங்க, காஞ்சு கெடக்கும்."

அளவுக்கோல்காரர் கிழக்குப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, "ஆமா மேடம், எலி ஓடுது" என்று குரல் கொடுத்தார். எல்லோரும் சிரித்தோம். மருதையன்தான் அதிகம் சிரித்தார்.

கீர்த்திகா ஒரு படிவத்தை நிரப்பினார். நிலத்தின் சொந்தக்காரர் என்ற முறையில் அவர் கையெழுத்து வேண்டும் என்றார். மருதையன் படிவத்தை என்னிடம் நீட்டினார்.

"ஐயா, படிச்சுப் பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா போடுறேன்."

படித்தேன். விட்டம் 60 சென்டிமீட்டர் என்று இருந்தது. தவறு, 90 என்றேன். கீர்த்திகா உடனே திருத்தி, திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பமும் இட்டார். 'நிலை' என்ற கட்டத்தில், 'மேற்கு வாய் மூடப்பட்டுள்ளது. நீரோட்டம் இல்லை' என்று இருந்தது. அது கண்ணால் கண்ட உண்மை. அதற்கு அடுத்த கட்டம் 'காரணம்'. அதில் ஒன்றும் எழுதவில்லை. காலியாக இருந்ததை நான் பார்த்தேன். எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை எதற்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. புரட்டாசியில் குழாயை அடைப்பார்கள் என்பதை எழுதிக் காட்ட வேண்டிய ஆள் ஒருவரை நான் அதுவரை சந்தித்ததில்லை.

"எழுதியிருப்பது சரிதான். போடு" என்றேன்.

அவர் போட்டார். 'க. மருதையன்', ஆறு எழுத்து. எப்போதும் போல நிறுத்தி நிறுத்தி.

2024 ஜனவரியில் திருத்திய வரைபடம் கொம்யூன் அலுவலகத்துக்கு வந்தது. நான் போய்ப் பார்த்தேன். எங்கள் சந்திப்பில் பதினொரு குழாய்கள் இருந்தன. புதிய வரைபடத்தில் பத்து. இல்லாத ஒன்று மருதையனுடையது. முதல் மனுவை அன்றே எழுதினேன். மார்ச் மாதம் பதில் வந்தது. கூட்டாய்வின்போது குழாய் பயன்பாட்டில் இல்லை என்று கண்டறியப்பட்டது, அதை நில உரிமையாளரே கையொப்பமிட்டு உறுதி செய்திருக்கிறார், ஆகவே புதிய அமைப்பில் அதற்குத் தேவை எழவில்லை. நான்கு வரி.

மருதையனிடம் படித்துக் காட்டினேன். அவருக்குக் கோபம் வரவில்லை. குழம்பிப்போனார்.

"நாம அடைச்சதைப் பாத்துட்டு, வேணாம்னு அடைச்சோம்னு நெனச்சுட்டாங்களா? வீட்டுல கதவைச் சாத்தியிருந்தா, வாசல் வேணாம்னு அர்த்தமா ஐயா?"

காலிக் கட்டத்தைப் பற்றி அன்று அவரிடம் சொன்னேன்.

"நீங்க என்ன செய்வீங்க. பெருமை பேசுனது நான்" என்றார்.

மேம்பாலத்துக்கு முன்னேற்பாடாக ஜூலையில் மாற்றுப்பாதை போட்டார்கள். நெடுஞ்சாலையின் மேற்கு ஓரமாகச் செம்மண் கிராவல் கொட்டி, ஒன்பதடி உயரத்துக்குக் கரை மாதிரி எழுப்பினார்கள். குழாயின் மேற்கு வாய் அதற்குள் போய்விட்டது. ஜவஹர் அலியின் டீக்கடையும் அந்த வாரம்தான் இடிபட்டது. அவர் பாய்லரைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வந்துவிட்டார்.

அந்த ஆண்டும் மருதையன் விதைத்தார். மனு கொடுத்திருக்கிறோம், மழைக்குள் ஏதாவது செய்வார்கள் என்று நம்பினார். நவம்பர் 26 காலை மழை வலுத்தது. என் வீட்டு முற்றத்தில் உள்ள மழைமானியில் அன்று 142 மில்லிமீட்டர், மறுநாள் 118. முதல் நாள் பதினொரு மணிக்கு நான் போனபோது, மருதையன் கோணிச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கொக்கிக் கம்பியோடு அந்தக் கிராவல் கரையின் அடியில் நின்றிருந்தார். குழாய் இருந்த இடத்தைக் கம்பியால் குத்திக்கொண்டிருந்தார். கிராவல் சரிந்து சரிந்து மூடியது. அமுதம் வரப்பில் நின்று கத்தினார்.

"என்னத்தங்க புடுங்கப் போறீங்க? அங்க ரோடுதாங்க இருக்கு! ரோட்டையா புடுங்குவீங்க?"

"சும்மா இரு புள்ள. வாயி இங்கதான் இருக்கு. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சு என்ன ஆவுது? மேல வாங்க. காச்ச வந்து படுத்தா யாரு பாக்குறது?"

அவர் ஒன்றே கால் மணி நேரம் குத்திவிட்டு மேலே வந்தார். தண்ணீர் ஒன்பது நாள் நின்றது. வடிந்தபோது பயிர் கூந்தலைப் போலப் படிந்து, மண்ணோடு ஒட்டியிருந்தது. நாற்றம் ஊர் வரைக்கும் வந்தது. மேற்கே நிலம் வைத்திருந்த நான்கு பேரும் அந்தத் தை மாதமே மனைப்பிரிவு போடுகிறவரிடம் விற்றுவிட்டார்கள். மேம்பாலம் வந்தால் அந்த இடத்துக்கு விலை உண்டு. அதோடு, குழாய் வேண்டும் என்று கேட்பவர் மருதையன் ஒருவர்தான் என்று ஆகிவிட்டது.

12.02.2025 அன்று திட்ட அலுவலகத்தில் நேரில் அழைத்தார்கள். பெரிய அதிகாரி நடுவில். கீர்த்திகா பக்கவாட்டில் ஒரு நாற்காலியில். மேசையில் அந்தப் படிவம்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"என் கையெழுத்துதாங்க."

"மூடியிருந்துச்சுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க."

"நான்தாங்க மூடுனேன்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "நீங்களே அடைப்பீங்க, நீங்களே தொறந்து விடச் சொல்லுவீங்க. நாங்க என்ன உங்க வீட்டு வாய்க்காலுக்குக் காவக்காரங்களா?"

"தண்ணி வரும்போது அடைப்போங்க, மழை பெய்யும்போது தொறப்போங்க. எங்கப்பா காலத்துலேருந்து அப்படித்தாங்க. நீங்க மழையில வந்திருந்தா அது ஓடுறதைப் பாத்திருப்பீங்க."

"மழையில யாருங்க ஆய்வுக்கு வருவாங்க?"

"அதாங்க நானும் சொல்றேன்."

ஓரத்தில் யாரோ சிரித்தார்கள். அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை. நான் எழுந்து, 'காரணம்' கட்டம் காலியாக இருந்ததையும், படிவத்தைப் படித்துச் சரி என்று சொன்னது நான் என்பதையும், முப்பத்து நான்கு ஆண்டுப் பாசனப் பதிவுகளில் அந்தக் குழாய் ஓடிய நாட்களின் பட்டியல் என்னிடம் இருப்பதையும் சொன்னேன். பட்டியலைக் கொடுத்தேன். பதினேழு பக்கம். அதிகாரி அதைப் புரட்டாமல் கீர்த்திகா பக்கம் தள்ளினார்.

வெளியே வராந்தாவில் கீர்த்திகா எங்களிடம் வந்தார். "எங்க ஊர்ல கெணத்துப் பாசனம்ங்க ஐயா. நீங்க அடைச்சேன்னு சொன்னப்ப, ரோட்டுத் தண்ணி வயலுக்குள்ள வராம இருக்க அடைச்சிருக்கீங்கன்னு நினைச்சுட்டேன். கேட்டிருக்கணும். நான் எழுதி அனுப்பறேன்."

"நல்லா இருங்கம்மா" என்றார் மருதையன். மேடம் என்பதை அன்றோடு விட்டுவிட்டார்.

21.08.2025 அன்று கடிதம் வந்தது. குழாய் வரைபடத்தில் சேர்க்கப்பட்டுவிட்டது. 90 சென்டிமீட்டர் விட்டம், மேம்பாலத்தின் இறங்குசாலைக்கு அடியில், பழைய இடத்திலிருந்து நான்கு மீட்டர் வடக்கே. கடிதத்தை நான் படித்து முடிப்பதற்குள் மருதையன் கடைக்குப் போய் லட்டு வாங்கிவந்துவிட்டார். ஜவஹர் அலியின் தள்ளுவண்டிக்கு முன்னால் நின்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கொடுத்தார்.

"என்னண்ணே, பேரப்பிள்ளையா?" என்றார் ஒருவர்.

"கொழா பொறந்திருக்கு" என்றார் ஜவஹர் அலி. "மூணடி. சுகப்பிரசவம்."

அமுதம்கூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கடிதத்தோடு ஒரு வரைபடத் துண்டு இணைத்திருந்தார்கள். அன்று மாலை அதை மேசையில் விரித்தேன். குழாயின் அடிமட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1.85 மீட்டர் என்று இருந்தது. என்னிடம் 1988-இல் எடுத்த மட்டக் கணக்கு இருக்கிறது. பழைய குழாயின் அடிமட்டம் 1.25. மருதையனின் வயல் 1.40. மறுபடியும் பார்த்தேன். கணக்கு பழையது, தவறு இருக்கலாம் என்று, மறுநாள் ஒரு கொத்தனாரை மட்டக் குழாயோடு அழைத்துப்போய், சாலையோர மைல்கல்லில் பொறித்திருந்த மட்டத்திலிருந்து இரண்டு தடவை எடுத்தேன். வயல் 1.41. ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம்.

புதிய குழாய், வயலைவிட நாற்பத்து நான்கு சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். இறங்குசாலையின் ஓரத்துச் சிமென்ட் வடிகாலோடு சேர்வதற்காக அந்த மட்டத்தில் வைத்திருக்கிறார்கள். வயலில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்ற பிறகுதான் முதல் சொட்டு அதற்குள் போகும். பெருமழையில் சாலை வடிகால் நிரம்பினால், தண்ணீர் அந்தக் குழாய் வழியாகவே வயலுக்குள் வரும்.

இரண்டு நாள் சொல்லாமல் இருந்தேன். மூன்றாம் நாள், 24.08.2025, போய்ச் சொன்னேன். அவர் விதைநெல்லை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார். நான் ஒரு காகிதத்தில் வயலையும் குழாயையும் வரைந்து காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப இது எனக்குக் குடுத்த கொழா இல்லை."

"இல்லை."

"ரோட்டுக்குக் குடுத்தது."

"ஆமாம்."

"லட்டெல்லாம் குடுத்துட்டேனே ஐயா" என்றார். பிறகு, "மட்டத்தை எறக்கச் சொல்லி எழுதுங்க. கேட்டாதானே தெரியும்" என்றார்.

எழுதினேன். 1.25 என்ற மட்டமே வேண்டும் என்று, காரணத்தோடு, படத்தோடு, மட்டக் கணக்கோடு. இந்தத் தடவை எந்தக் கட்டமும் காலியாக இல்லை. கீர்த்திகாவின் பெயருக்கு ஒரு நகல் அனுப்பினேன். அவர் ஜூலையிலேயே வேறு ஊருக்கு மாறுதலாகிப் போய்விட்டார் என்று அந்த உறை திரும்பி வந்தது. செப்டம்பரிலும் அக்டோபரிலும் நினைவூட்டுகள் அனுப்பினேன். கிடைத்தது என்ற அட்டை மட்டும் ஒவ்வொரு தடவையும் வந்தது.

விதைக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். அமுதம் சொன்னார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகன் முத்தமிழ் தொலைபேசியில் சொன்னான். மருதையன் கேட்கவில்லை. விதைக்காத நிலத்துக்கு எதற்குக் குழாய் என்று அலுவலகத்தில் கேட்பார்கள் என்றார். அதில் நியாயம் இருந்தது. நவம்பர் கடைசியில் மழை பிடித்தது. புதிய குழாய் இன்னும் வரைபடத்தில்தான் இருந்தது, கிராவல் கரை அப்படியே இருந்தது. ஐந்து குதிரைச்சக்தி எஞ்சினை வாடகைக்கு எடுத்து இரண்டு நாள் இறைத்தார். மேற்கே மனைப்பிரிவுக்காக மண் கொட்டி மேடாக்கிய இடங்களிலிருந்து, இறைத்ததைவிட அதிகமாகத் தண்ணீர் இறங்கி வந்தது. மூன்றாம் நாள் எஞ்சினைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தத் தடவை பயிர் அழுகுவதைப் பார்க்க அவர் போகவில்லை.

பொங்கலுக்கு முத்தமிழ் வந்தான். மனைப்பிரிவுக்காரர் குழிக்கு 2,700 ரூபாய் தருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். மாவுக்கு நூறு குழி, மொத்தம் அறுநூறு. மேம்பாலத்தின் தூண்களுக்கு மஞ்சள் அடையாளக் கற்கள் நட்டாகிவிட்டது, சித்திரைக்குப் பிறகு வேலை தொடங்கிவிடும், அதற்குள் முடித்துக்கொண்டால் நல்லது என்று செய்தி. நான் அன்று அங்கே இருந்தேன்.

"அப்பா, நான் நிலம் வேணாம்னு சொல்லலை. தண்ணியில நெல்லு வெளையாதுன்னு சொல்றேன்."

"தெரியும்டா."

"ரெண்டு வருசத்துல ஒரு லட்சத்துக்கு மேல தண்ணியில போயிடுச்சு. அம்மா தோடு எங்க இருக்கு? சொல்லுங்க."

அமுதம் உள்ளே போய்விட்டார். தோடு கூட்டுறவு வங்கியில் இருந்தது.

"உங்க தாத்தா அந்த வயல்ல..." என்று மருதையன் ஆரம்பித்தார். முடிக்கவில்லை. பிறகு, "கடுதாசி வரட்டும். மட்டத்தை எறக்குறேன்னு வந்தா நான் வச்சுக்கிறேன். இல்லைன்னு வந்தா நீ என்ன வேணாலும் செய். அதுக்கு மேல ஒரு நாள் கேக்க மாட்டேன்" என்றார்.

"வரவே இல்லைன்னா?"

"ஐயா எழுதியிருக்காரு. வரும்."

முத்தமிழ் என்னைப் பார்த்தான்.

மாசி பிறந்தது. மற்ற ஊர்களில் அறுவடை இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. மருதையன் தினமும் காலையில் என் வீட்டுக்கு வந்து, தபால்காரர் போகும் வரைக்கும் இருப்பார். பேச்சு அதிகம் இருக்காது. வயலில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. பழைய சொந்தக்காரர் காலத்தில் அவருடைய அப்பா நின்ற அந்த வரப்பு, இரண்டு மழையில் கரைந்து, ஒரு கோடு மாதிரி தெரிந்தது. அவர் அந்தப் பக்கம் போவதை நிறுத்தியிருந்தார்.

கடிதம் வந்தபோது அவர் எதிரில்தான் இருந்தார். உறையை நான் கத்தரித்தேன்.

"படிங்க ஐயா. முழுசாப் படிங்க. நடுவுல நிறுத்தாதீங்க."

படித்தேன். குழாயின் அடிமட்டம் சாலை வடிகாலின் மட்டத்தைப் பொறுத்து நிர்ணயிக்கப்பட்டது, அதை மாற்ற இயலாது. தேவைப்படின் மனுதாரர் தம் சொந்தச் செலவில் தம் நிலத்தை உயர்த்திக்கொள்ளலாம். மனுதாரரின் கோரிக்கைப்படி குழாய் ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டதால், இப்பொருள் குறித்த கடிதப் போக்குவரத்து இத்துடன் முடித்துவைக்கப்படுகிறது.

"நெலத்தை ஒசத்தறதுன்னா எவ்வளவு ஐயா?"

"நாற்பத்து நாலு சென்டிமீட்டர். அதுக்கு மேல பத்து. மொத்தம் நாலாயிரத்து முந்நூற்று எழுபது கன மீட்டர் மண்."

"டிப்பர் கணக்குல சொல்லுங்க."

"எழுநூறுக்கு மேல."

அவர் தலையை ஆட்டினார். எழுநூறு டிப்பர் செம்மண்ணைக் கொட்டிவிட்டு அதன்மேல் நெல் விதைக்க முடியாது என்பதை நான் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பையிலிருந்து தொலைபேசியை எடுத்தார். எண்ணை அழுத்த வரவில்லை, என்னிடம் நீட்டினார். முத்தமிழின் பெயரைத் தேடி அழுத்திக் கொடுத்தேன்.

"தம்பி, சாப்பிட்டியா?" என்றார். "ஆமா, வந்துடுச்சு... இல்லை... சரி, அந்த ஆளுகிட்ட நீயே பேசிடு. கையெழுத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிடு."

தொலைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். எங்கே போகிறாய் என்று கேட்டேன். அமுதத்திடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்றார். அன்று அவர் திரும்பி வரவில்லை. கடிதத்தை அவருடைய கோப்பில் கடைசித் தாளாக வைத்து, மேல் மூலையில் வழக்கம் போல வந்த நாளைக் குறித்தேன்: 19.02.2026, வியாழக்கிழமை.